பெட்டிசத்தின் எழுவாய்

17

புத்தளத்தில் பஸ் மாறி ஏறியதும் முஃபீதா அந்தக் கடிதத்தை மறுபடியும் கைப்பேசியில் திறந்தாள்.

நேற்றுப் பின்னேரம் பல்கலைக்கழகப் பீடாதிபதி அலுவலகத்திலிருந்து வந்தது. எழுதியவர் பெயர் இல்லாத ஒரு பெட்டிசம், முறைப்பாட்டுக் கடிதம். அதோடு அலுவலகத்தின் குறிப்பு நான்கு வரி. இன்று, வெள்ளிக்கிழமை, பின்னேரம் நான்கு மணிக்கு முன் எழுத்தில் விளக்கம் தர வேண்டும். தராவிட்டால் திங்கட்கிழமை நேர்முகம் இல்லை.

சமஸ்கிருதத் துறையில் நிரந்தர விரிவுரையாளர் பதவிக்கான நேர்முகம் அது. அதற்காக அவள் ஒன்பது வருடம் உழைத்திருக்கிறாள்.

மாம்புரியில் பீற்றூட் தோட்டம் செய்கிற ஹாசிமின் தங்கை, மௌத்தாகிப் போன செய்னுலாப்தீனின் மூத்த மகள், சமஸ்கிருதம் படிக்கப் போன கதையை இத்தனை வாரமும் கேட்டு வந்தவர்களுக்குத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. இன்றுதான் வந்து உட்கார்ந்தவர்களுக்கு இவ்வளவு போதும். ஹாசிம் அவளோடு முகம் கொடுத்துக் கதைத்து இரண்டு வருடம். "மந்திரம் படிக்கிற ராத்தா" என்ற பெயரால் தங்கை நஸ்லியாவுக்கு வந்த இரண்டு சம்பந்தம் முறிந்துவிட்டது. மூன்றாவது சம்பந்தம் கரைத்தீவிலிருந்து வந்தது. மாப்பிள்ளை றிப்னாஸ். நிகாஹுக்கு இன்னும் மூன்று வாரம். இத்தனைக்கும் நடுவில், விடுதியிலிருந்த முஃபீதாவுக்கு வாரம் தவறாமல் அழைப்பு எடுத்துக் கதைத்த ஒரே ஆள் நஸ்லியா.

பெட்டிசம் இரண்டு பக்கம். தமிழில் தட்டச்சு செய்தது. கூடப் படித்த மனுவேல் என்ற சிலாபத்துக் கத்தோலிக்க இளைஞனோடு முஃபீதாவுக்குத் தகாத தொடர்பு என்று முதல் பக்கம் சொன்னது. அவளுடைய ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம் அவன் எழுதிக் கொடுத்தது என்று இரண்டாம் பக்கம் சொன்னது.

கடைசிப் பந்தியில் ஒரு வலையும் ஒரு கோடாரியும் வந்தன. வாசிக்கும் ஒவ்வொரு முறையும் அவள் அந்தப் பந்தியை வேகமாகக் கடந்தாள்.

நானா ஹாசிம்தான் எழுதியிருக்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டுதான் விடியற்காலை பஸ் ஏறியிருந்தாள்.

*

ஹாசிம் தோட்டத்தில் நின்றான். பிடுங்கிய பீற்றூட்டைத் தொட்டித் தண்ணீரில் கழுவி, சாக்கில் போட்டுக்கொண்டிருந்தான். கை முழங்கை வரை சிவந்திருந்தது. தூரத்தில் காற்றாலை ஒன்று மெல்லச் சுற்றியது.

தங்கையைக் கண்டதும் முகத்தைத் திருப்பினான்.

"நானா, ஒரு விசயம் கேக்கணும்."

"உம்மா வீட்டுல இருக்கா. அங்க போய்க் கேளு."

"உங்களைத்தான் கேக்கணும். இத நீங்களா எழுதின?"

கைப்பேசியை நீட்டினாள். அவன் கையைச் சாரத்தில் துடைத்துவிட்டு வாங்கினான். வாசிக்க நேரம் எடுத்தான். முதல் பக்கம் முடியும்போது தாடை இறுகியது.

"இத நான் எழுதினன் எண்டு நினைச்சியா?"

"வேற யாருக்கு என்மேல இவ்வளவு கோவம்?"

"கோவம் இருக்கு. நல்லா இருக்கு." கைப்பேசியைத் தொட்டி விளிம்பில் வைத்தான். "பள்ளிவாசல் நிர்வாகத்துக்கு உன்னைப் பத்தி எழுதினது நான்தான். என்ட பேர் போட்டு, கையெழுத்து வச்சு எழுதினன். வாப்பா மௌத்தாகி நாப்பது நாளைக்குள்ள நீ விடுதிக்குப் போனது எனக்குப் புடிக்கல்ல. அந்தப் படிப்பும் எனக்குப் புடிக்கல்ல. உன்ட முகத்துக்கு நேராச் சொன்னன். இப்பயும் சொல்றன். என்ட தங்கச்சியை ஒரு பொடியனோட சேத்து எழுதிட்டு, பேர் போடாம ஒளியிறவன் நான் இல்ல."

 நானாவின் கோபத்தில் முஃபீதாவுக்குச் சந்தேகம் வந்ததே இல்லை. அது எப்போதும் "நான்" என்றுதான் தொடங்கும்.

"கடைசியில என்னமோ வலை, கோடாரி எண்டு கிடக்கே. அது என்ன கதை?"

"அது ஒண்டுமில்ல."

சொன்ன கணத்தில்தான் அவளுக்கு உறைத்தது.

அவளுடைய ஆய்வு வடமொழி இலக்கண மெய்யியல் பற்றியது. அந்த இலக்கணக்காரர்கள் ஒரு செயலில் பங்கெடுப்பவற்றை இனம் பிரித்தார்கள். செய்பவர் ஒருவர், செய்யப்படுவது ஒன்று, கருவி ஒன்று, இப்படி. ஆனால் "கோடாரி நன்றாக வெட்டுகிறது" என்று ஒருவர் சொன்னால் கருவி போய்ச் செய்பவரின் இடத்தில் உட்கார்ந்துவிடுகிறது. எதை அந்த இடத்தில் உட்கார வைப்பது என்பது பேசுகிறவரின் விருப்பம். அந்த விருப்பத்துக்கு அவர்கள் விவக்ஷை என்று பெயர் வைத்தார்கள். மூன்றாம் அத்தியாயம் முழுவதும் அந்த ஒரு சொல்லைப் பற்றித்தான்.

ஆய்வேட்டில் கோடாரி என்றுதான் இருக்கிறது. வலை என்ற சொல் அதில் எங்கும் இல்லை.

வலையைச் சொன்னவன் மனுவேல். இத்தாலிக்குப் போவதற்கு முந்தின மாதம், குரல் பதிவுகளாக அவளுக்கு அனுப்பியிருந்தான். அந்தப் பதிவுகளைக் கேட்டவர்கள் உலகத்தில் மூன்றே பேர். பேசிய மனுவேல், கேட்ட முஃபீதா. பிறகு, மாம்புரி வீட்டு மேசையில் உட்கார்ந்து அதைக் கேட்டுக் கேட்டுத் தட்டச்சு செய்தவள்.

"நானா, நான் வீட்டுக்குப் போறன்."

"என்ன, முகம் வெளிறிப் போச்சு?"

அவள் நிற்கவில்லை. ஹாசிம் தண்ணீர் மோட்டரை நிறுத்திவிட்டு அவள் போன திசையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

*

நஸ்லியா முன்னறையில் கலியாணக் கார்டுகளுக்குப் பெயர் எழுதிக்கொண்டிருந்தாள். இருபத்தாறு வயது. அழகான கையெழுத்து. எழுதி முடித்த உறைகள் கதிரை ஒன்றில் அடுக்கியிருந்தன.

"ராத்தா, சொல்லாம வந்திட்டீங்க. பாணும் சம்பலும் இருக்கு, போடட்டா?"

முஃபீதா கதவைச் சாத்தினாள்.

"பெட்டிசம் கிடைச்சிச்சு."

"என்ன பெட்டிசம்?"

"வலை எண்டு எழுதியிருக்க. நான் கோடாரி எண்டுதான் எழுதினன்."

நஸ்லியாவின் பேனை உறையின் மேல் நின்றது. மை ஊறி ஒரு புள்ளி பெரிதானது. அவள் அந்த உறையை எடுத்துத் தனியாக வைத்தாள்.

"நஸ்லி."

"அது போயிட்டு ராத்தா. என்ன செய்ய."

"போயிட்டா? அதுவாப் போயிட்டா? யார் அனுப்பின?"

"கோவத்துல நடந்து போச்சு."

"என்ன நடந்து போச்சு? இந்த வீட்டுல எல்லாமே அதுவாத்தான் நடக்குது. சம்பந்தம் முறிஞ்சு போச்சு, பேர் கெட்டுப் போச்சு, பெட்டிசம் போயிட்டு. ஒருத்தரும் ஒண்டும் செய்யல்ல. யார் எழுதின எண்டு கேக்கிறன்."

"சத்தம் போடாதீங்க. உம்மா குசினியில."

"யார் எழுதின?"

நஸ்லியா எழுந்தாள். இதுவரை முகத்தில் இருந்த பயம் இப்போது இல்லை.

"நான்தான். நான்தான் எழுதினன். போதுமா? இன்னொரு தரம் எழுதச் சொன்னாலும் எழுதுவன்."

முஃபீதா பக்கத்துக் கதிரையில் இருந்த உறைகளைத் தள்ளாமல் அதன் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"ஏன்?"

"கரைத்தீவு மாமி வந்து கேட்டா. மூத்தவள் இன்னும் அந்தப் படிப்புத்தானா எண்டு. நான் சொன்னன், இல்ல மாமி, இந்த வருசத்தோட விடுறா எண்டு. நீங்க நிரந்தரமானா அந்தப் பொய் எத்தனை நாளைக்கு நிக்கும்? ரெண்டு தரம் உங்களால என்ட சம்பந்தம் முறிஞ்சிச்சு. மூணாவதும் முறிஞ்சா நான் இந்த வீட்டுலயே கிழடாகணும்."

"அதுக்கு என்ட மானத்தை எழுதுவியா? மனுவேலுக்கும் எனக்கும் ஒரு தொடர்பும் இல்ல எண்டு உனக்குத் தெரியும்."

"தெரியும். அது பொய்தான்." நஸ்லியா மேசையில் கை ஊன்றினாள். "ரெண்டாம் பக்கம் பொய்யா?"

வெளியே லொறி ஒன்று கடந்து போனது. 

"சொல்லுங்க ராத்தா. பொய்யா? எண்பத்தொரு வொய்ஸ். நாலு மாசம். பின்னேரத்துல தையல் வகுப்பை விட்டுட்டு இந்த மேசையில இருந்து ஒண்டொண்டாக் கேட்டு டைப் பண்ணினது நான். அவர் சொல்றார், வலை மீன் புடிக்குது எண்டு சொல்றவன் வலையைப் போட்டவனை மட்டும் மறைக்கல்ல, தன்னையும் மறைக்கிறான் எண்டு. ஏனெண்டா வலையை அந்த இடத்துல தூக்கி வச்சவன் பேசினவன்தானாம். அப்ப எந்த வசனத்துலயும் முதல் செய்பவன் பேசுறவன்தானாம். எனக்கு இன்னும் மனப்பாடம். உங்கட புத்தகத்துல அது எப்படி வந்திச்சு எண்டு சொல்லவா?"

"வேணாம்."

"'இவ்வாறு ஒரு வாதம் முன்வைக்கப்படலாம்.' அவ்வளவுதான். யார் வச்ச வாதம்? பேர் இல்ல. நன்றி எண்டு ஒரு பக்கம் போட்டிருந்தீங்க. லைப்ரரி காவலாளிக்குக் கூட நன்றி இருந்திச்சு. மனுவேல் இல்ல. நானும் இல்ல."

தங்கை சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பிழை இல்லை. அந்த வசனத்தை எழுதிய நாள் முஃபீதாவுக்கு நன்றாக நினைவிருந்தது. முதலில் மனுவேலின் பெயரைப் போட்டுத்தான் எழுதினாள். முஸ்லிம் பெண்ணுக்குச் சமஸ்கிருதமா என்று துறையில் ஏற்கெனவே சிரித்தார்கள். இடையில் படிப்பை விட்டுவிட்டு இத்தாலிக்குச் சமையல் வேலைக்குப் போனவனின் பெயரை அடிக்குறிப்பில் கண்டால் இன்னும் சிரிப்பார்கள் என்று நினைத்தாள். பெயரை அழித்தாள். பிறகு வலையைக் கோடாரியாக்கினாள். வாக்கியம் சுத்தமாக வந்தது. பரிசோதகர்கள் அந்த அத்தியாயத்தைத்தான் பாராட்டினார்கள்.

கதவு திறந்தது. சாரா உம்மா கையில் அகப்பையோடு நின்றார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது.

"ரெண்டு பேரும் கொஞ்சம் மெதுவாக் கதைங்க," என்றார். "ஜும்ஆத் தொழுகைக்குப் போற ஆக்கள் ரோட்டால போறாங்க."

*

ஹாசிம் பள்ளியிலிருந்து வந்து தொப்பியைக் கழற்றாமலே முன்னறைக்குள் வந்தான். சாரா உம்மா எல்லாவற்றையும் அவனிடம் சொன்னார். அவர் சொன்ன விதத்தில் யாரும் எதையும் செய்யவில்லை. ஒரு கடிதம் போய்விட்டது, ஒரு பிழை நடந்துவிட்டது, இனி ஆக வேண்டியதைப் பார்க்க வேண்டும்.

ஹாசிம் முஃபீதாவைப் பார்த்தான்.

"அந்தப் பொடியன்ட கதையா, உன்ட புத்தகத்துல இருக்கிறது?"

"என்னையும் அவரையும் சேத்து எழுதினது பொய் நானா."

"அத நான் கேக்கல்ல."

"…ஓம். ஒரு அத்தியாயம். அதுல முக்கியமான வாதம் அவர்ட."

 கத்துவான் என்று எதிர்பார்த்தாள். ஹாசிம் மெல்லத்தான் சொன்னான்.

"உன்ட படிப்பு எனக்குப் புடிக்கல்ல. ஊருல எவன் கேட்டாலும் அதத்தான் சொல்லுவன். ஆனா ஒவ்வொருத்தனுக்கும் ஒண்டு சேத்துச் சொல்லுவன். அவள் படிக்கிறது எதுவா இருந்தாலும் சொந்த மூளையால படிக்கிறாள் எண்டு. இனி அதையும் சொல்லேலாது."

இரண்டு வருடம் அவன் கதைக்காமல் இருந்தது இவ்வளவு வலிக்கவில்லை.

நஸ்லியா குறுக்கே வந்தாள். "இப்ப மணி ரெண்டரை. நாலு மணிக்கு ராத்தா பதில் அனுப்பணும். நான் ஒண்டு சொல்றன். என்ட பேர எழுத வேணாம். எல்லாம் பொய், யாரோ பொறாமையில எழுதினது எண்டு அனுப்புங்க. வொய்ஸ் எல்லாம் என்ட பென்ட்ரைவ்ல இருக்கு. அத நான் யாருக்கும் குடுக்க மாட்டன்."

"என்னைப் பயங்காட்டுறியா?"

"ஓம். நீங்க என்ட பேரச் சொன்னா நான் அத அனுப்புவன்."

"அது நல்லம் மகள்," என்று சாரா உம்மா அவசரமாகச் சொன்னார். முஃபீதாவின் தோளைப் பிடித்தார். "ரெண்டு பேருக்கும் சேதம் இல்ல. நீ வேலைக்குப் போ. இவள்ட நிகாஹ் நடக்கட்டும். பொறகு ஆளுக்கொரு ஊர். பேசாம அப்படியே எழுதி அனுப்பு."

"உம்மா, அது களவு," என்றான் ஹாசிம்.

"நீ சும்மா இரு. நாளைக்குக் கரைத்தீவுக்காரர் வந்து சம்பந்தம் வேணாமெண்டு நாம குடுத்த பெட்டியைத் திருப்பித் தந்தா, அத வாங்கி வைக்கப் போறது நீயில்ல, நான்."

முஃபீதா எழுந்து பழைய கம்ப்யூட்டரை நோக்கிப் போனாள். இரண்டு விதமாகவும் அவளால் எழுத முடியும். அதுதான் அவள் படித்த படிப்பு. நடந்த ஒன்றை, செய்தவரே இல்லாமல் நடந்ததுபோல எழுத எத்தனை வழி உண்டு என்பதில் இந்த வீட்டிலேயே தேர்ந்தவள் அவள்தான்.

எழுதத் தொடங்கினாள். அழித்தாள். திரும்ப எழுதினாள். பின்னால் சாரா உம்மா தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டு நின்றார். நஸ்லியா கார்டுகளின் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். ஆனால் எழுதவில்லை.

நான்கு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது முஃபீதா அனுப்பினாள். அனுப்பிய பிறகுதான் சத்தமாக வாசித்தாள்.

"'மனுவேலுக்கும் எனக்கும் தகாத தொடர்பு என்பது பொய். அதை நான் மறுக்கிறேன். மூன்றாம் அத்தியாயத்தின் மைய வாதம் மனுவேலுடையது. அவருடைய குரல் பதிவுகளைக் கேட்டுத் தட்டச்சு செய்தவர் என் தங்கை நஸ்லியா. இரண்டு பெயரையும் விட்டவள் நான். தெரியாமல் விடவில்லை. திங்கட்கிழமை நேர்முகத்தை நடத்துவதா இல்லையா என்பதை நீங்கள் முடிவு செய்யலாம். பெட்டிசம் எழுதியவர் யார் என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்ல நான் விரும்பவில்லை.'"

 ஹாசிம் தொப்பியைக் கழற்றி மடித்துச் சட்டைப் பையில் வைத்தான்.

நஸ்லியாவின் குரல் தாழ்ந்து வந்தது.

"ராத்தா, நீங்க என்ன செஞ்சீங்க எண்டு விளங்குதா உங்களுக்கு?"

"நீ கேட்டதத்தான் செஞ்சன். உன்ட பேர் இல்ல எண்டு சொன்னாய். போட்டிருக்கன்."

"டைப் பண்ணினவள் நான் எண்டு போட்டா, அந்த வொய்ஸ்ல மட்டும் இருந்த வலையைப் பத்தி எழுதினவள் யார் எண்டு அவங்களுக்குக் கண்டுபுடிக்கத் தெரியாதா? அங்க இருக்கிறவங்க சின்னப் புள்ளைகளா? நீங்க நல்லவளாகிறதுக்கு என்னைக் காட்டிக் குடுத்திட்டீங்க."

முஃபீதா திரையைப் பார்த்தாள். தங்கையைக் காப்பாற்றியதாகத்தான் அவள் நினைத்திருந்தாள். அப்படித்தான் நினைத்தாளா என்று இப்போது அவளுக்கே உறுதியாகத் தெரியவில்லை. எங்கோ உள்ளே, இது நடக்கும் என்று தெரிந்துகொண்டேதான் அந்தப் பெயரைத் தட்டினாளோ?

"இனி நீங்க என்ட ராத்தா இல்ல," என்றாள் நஸ்லியா. அழவில்லை. கார்டுக் கட்டிலிருந்து முஃபீதாவின் பெயர் எழுதிய உறையைத் தேடி எடுத்தாள். விடுதி முகவரி அழகான கையெழுத்தில் இருந்தது. அதை இரண்டாகக் கிழித்து மேசையில் வைத்தாள்.

ஹாசிம் வாயைத் திறந்தான். அதற்குள் முஃபீதாவின் கைப்பேசி அடித்தது.

அறிந்த இலக்கம். பீடாதிபதி அலுவலகம். அவள் ஒலிபெருக்கியை அழுத்தினாள்.

"மிஸ் முஃபீதாவா?" ஒரு ஆணின் குரல், நிதானமான தமிழ். "உங்கட பதில் கிடைச்சது. விசாரணைக்குழு இப்ப இருக்குது. பெட்டிசம் சம்பந்தமா ஒரு விளக்கம் வேணும். உங்கட தங்கச்சி நஸ்லியா பக்கத்துல இருக்கிறாவா? அவவோட ஒருக்கா கதைக்கலாமா?"

முஃபீதா கைப்பேசியை நீட்டினாள்.

நஸ்லியா அதை வாங்கவில்லை. சுவரோடு ஒட்டி நின்றாள்.  ஹாசிம் அவளைப் பார்த்துத் தலையசைத்தான், வாங்கு என்பதுபோல. அவள் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"ஹலோ? கேக்குதா?"

அப்போது இடையில் ஒரு கை வந்தது. சாரா உம்மா தஸ்பீஹைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, முந்தானையால் கையைத் துடைத்து, மகளின் கையிலிருந்து கைப்பேசியை எடுத்தார். வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டார். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். பெயரைத் தவிர வேறொன்றையும் அவர் எழுதி யாரும் பார்த்ததில்லை.

"நான் அவங்கட உம்மா கதைக்கிறன்," என்றார். குரல் நடுங்கவே இல்லை. "அந்தப் பெட்டிசத்தை எழுதினது நான்."